பொலிகாளையின் இரண்டு கொம்புகள்

பத்திரிகையில் கேலிச்சித்திரம் போடுகிறவன் எல்லாம் தெரிந்தவன் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. நான் போட்ட ஒரு கோட்டுக்கு நுவரெலியாவிலிருந்து ஒருவர் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக் கடிதம் எழுதுவார். அதே கோட்டுக்கு நோட்டன் பிரிட்ஜிலிருந்து இன்னொருவர் வேறு அர்த்தம் எழுதுவார். இரண்டையும் படித்துவிட்டு, இப்படியா வரைந்தோம் என்று நான் முழித்துக்கொண்டிருப்பேன். அந்த முழிப்பு இன்றுவரை தீரவில்லை. அதிலும் ஒரு பொங்கலன்று ஒரு காளையின் கொம்புக்கு நான் பூசிய சாயத்துக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தச் சாயத்தால் என் அப்பாவின் வேலை போயிற்று. அவருக்காவது ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை.

லிந்துலையிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா தேயிலை மலைக்கு வேலைக்குப் போகாதவர். துரை பங்களாவுக்குப் பால் கொடுத்த ஒன்பது பசுக்களும் ஒரு பொலிகாளையும் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றின் சாணத்தில் விளைந்த மரக்கறித் தோட்டத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். கோவா, கரட், லீக்ஸ், கிழங்கு என்று பங்களா மேசைக்குப் போகிற எல்லாம் அவர் கைபட்டுத்தான் போகும். தொழுவத்தை ஒட்டி எங்களுக்குத் தனியாக ஒரு வீடு இருந்தது. ஒரு ஜன்னல்கூட இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். எங்கள்மீது சாணி நாற்றம் அடிக்கிறது என்று மூக்கையும் பொத்திக்கொண்டார்கள். எது அவர்களுடைய உண்மையான அபிப்பிராயம் என்று சிறுவயதில் எனக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டும் உண்மைதான் போலிருக்கிறது.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் தொழுவத்தின் உள்சுவரில் கரித்துண்டால் மாடுகளின் முகத்தை வரைந்து அடையாளம் போட்டு வைப்பார். முகத்துக்கு மேலே பிறை போட்டால் அந்தப் பசு சினை. கீழே ஒரு கோடு போட்டால் மருந்து கொடுத்தாயிற்று. பெருக்கல் குறி போட்டால் அதன் பாலைப் பங்களாவுக்கு அனுப்பக்கூடாது. தொல்லை என்னவென்றால் அவர் வரைந்த ஒன்பது முகமும் ஒன்றுபோலவே இருந்தன. ஒருநாள் காய்ச்சல்காரப் பசுவை விட்டுவிட்டு நல்ல பசுவுக்கு மருந்து ஊற்றிவிட்டார். அது மூன்று நாள் கழிந்து தள்ளியது. அதற்குப் பிறகு கரித்துண்டை என் கையில் கொடுத்தார். அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும்.

"எந்த மாடுன்னு பாத்த ஒடனே எனக்குத் தெரியணும். அவ்வளவுதான் வேல" என்றார்.

நான் சித்திரம் கற்றது அந்த ஒரு வாக்கியத்தில்தான். நெற்றிச்சுட்டிப் பசுவுக்கு வலது கொம்பு உள்ளே வளைந்திருக்கும். செவலைக்குக் கீழிமை தொங்கும். கிழப்பசு எப்போதும் யாரையோ நம்பாத மாதிரி பார்க்கும். இதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குக் கைவந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை துரை தொழுவத்தைப் பார்வையிட வருவதற்கு முன்னால் அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். என் படங்களெல்லாம் போய்விடும். மறுநாள் திரும்பவும் வரைவேன். எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இனிப்பு கொடுத்தார்கள். கொடியில் உள்ள சிங்கத்தைக் கரும்பலகையில் வரையச் சொல்லி வாத்தியார் என்னை அழைத்தார். நான் சிங்கத்தைக் கண்டவனில்லை. முதலில் கால்களைப் போட்டேன், அவை சரியாகத்தான் வந்தன. முகத்துக்கு வந்ததும் கை தன் போக்கில் போயிற்று. கடைசியில் பார்த்தால் எங்கள் காளைக்கன்று கையில் வாள் பிடித்து நின்றது. வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியார் காதைப் பிடித்துத் திருகி, "யாருடா ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?" என்றார். யாரும் சொல்லித் தரவில்லை என்றால் அவர் நம்பவில்லை. என் முதல் கேலிச்சித்திரம் அதுதான் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் யாரையும் கேலி செய்யவில்லை. கொஞ்சநாளில் இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லை, நாம் இந்த நாட்டு ஆட்களே இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் அந்த இனிப்பு எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் விளங்கவில்லை. "தின்னுட்டியில்ல, விடு" என்றார்.

பிறகு தலவாக்கலையில் கொஞ்சம் படித்து, கொழும்புக்குப் போய், ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைகிற வேலையில் சேர்ந்தேன். கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட, ஆசிரியர் அந்த இடத்தை என் தலையில் கட்டினார். அரசியல்வாதிகளின் முகம் எனக்கு வசப்படவே இல்லை. எல்லாருக்கும் ஒரே மூக்கு வந்தது. இரண்டு வாரம் திண்டாடிவிட்டு மூன்றாவது வாரம் ஒரு மந்திரிக்குப் பதிலாக எங்கள் கிழப்பசுவை வரைந்து, அதற்குக் கோட்டு மாட்டிவிட்டேன். ஆசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்த மந்திரி அப்படியே வந்துவிட்டாராம். எனக்குக் கிழப்பசுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து வாரம் ஒரு மாடு. மந்திரிமார், எதிர்க்கட்சிக்காரர், தோட்டத்துரைமார் சங்கம், தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாரும் எங்கள் தொழுவத்திலிருந்தே வந்தார்கள். ஒருமுறை மூக்கணாங்கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தேன். மூன்று கட்சிக் கூட்டணியைத்தானே சொல்கிறாய் என்று ஆசிரியர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் தொழுவத்துக் கயிறு அறுந்து அறுந்து அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கெட்டிக்காரன் என்று பெயர் வந்தது. கெட்டிக்காரத்தனம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

என் படத்தைச் சரியாகப் பார்த்தவர் ஒருவர்தான். பத்திரிகை லிந்துலை டவுனில் உள்ள ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை அப்பா இறங்கிப் போய், ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, என் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பார். கீழே எழுதியிருப்பதை நானா படித்துச் சொல்ல வந்தால் வேண்டாம் என்பார். பிறகு வாத்தியாரைப் பிடித்து எனக்குக் கடிதம் எழுதுவிப்பார். "சுட்டிக்கு வளைந்த கொம்பு வலது. நீ இடதை வளைத்திருக்கிறாய். செவலை இப்போது சினை, வயிற்றைக் கொஞ்சம் இறக்கிப் போடு." இவ்வளவுதான் இருக்கும். மந்திரி யார், எதற்காகக் கோட்டு, ஒன்றும் கேட்க மாட்டார். சுவரில் மாட்டைப் போட்டால் அந்த மாடுதான். பேப்பரில் போட்டாலும் அந்த மாடுதான். ஆயிரம் பேர் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒருவர் கொம்பை மட்டும் சரிபார்க்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான் நான் அடுத்த வாரம் தைரியமாகப் பேனா எடுப்பேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கலுக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். தோட்டம் இரண்டுபட்டுக் கிடந்தது. ஒரு தொழிற்சங்கத்துக்கு நீலக்கொடி, மற்றதற்குச் சிவப்புக்கொடி. ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றில், தம்பி மற்றதில். இரண்டு சங்கத்தின் தோட்டத் தலைவர்களும் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலில் யார் கொடியை உயரக் கட்டுவது என்று தகராறு வந்து, கடைசியில் பூசாரி இரண்டையும் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா எதிலும் சேரவில்லை. பங்களா மாட்டைப் பார்க்கிறவருக்குச் சங்கம் எதற்கு என்று இருந்துவிட்டார்.

மாட்டுப்பொங்கலன்று காலையில் நானும் அப்பாவும் மாடுகளைக் குளிப்பாட்டினோம். கொம்புக்குச் சாயம் பூசுவது எப்போதுமே என் வேலை. தொழிற்சாலை ஸ்டோரில் மிஞ்சிய தகரங்கள் கிடைத்தன. கூரைக்கு அடித்த சிவப்பு, பங்களா ஜன்னலுக்கு அடித்த நீலம், கொஞ்சம் வெள்ளை. பசுக்களுக்கெல்லாம் வெள்ளை பூசினேன். அது முடிந்துபோயிற்று. கடைசியாகப் பொலிகாளை. அது துரை கப்பலில் வரவழைத்த சீமைக் காளை, அப்பாவின் உயிர் அதில்தான் இருந்தது. அதன் வலது கொம்புக்கு நீலம் பூசினேன். இடது கொம்புக்குச் சிவப்பு பூசினேன். அப்பா தள்ளி நின்று பார்த்து, "சோக்கா இருக்கு" என்றார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்று மாடுகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், திரும்பும்போது எல்லா லயத்து வாசலிலும் நிறுத்தி நிறுத்திக் கொண்டுவருவார்கள். பெண்கள் வந்து மாட்டுக்குப் பொட்டு வைத்துப் பொங்கல் ஊட்டுவார்கள். அப்பா பொலிகாளையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். முதல் லயத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது லயத்தில் யாரோ சிரித்தார். மூன்றாவது லயத்துக்குப் போகும்போது சிரிப்பு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பொங்கல் சந்தோஷம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

விஷயத்தை அம்மா வந்து சொன்னாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டு சங்கமும் தொரை தலையிலதான் மொளச்சிருக்குன்னு நீ படம் போட்டுக் காட்டிட்டியாம். எல்லாரும் அதத்தான் பேசுறாங்க."

"நான் எங்கம்மா படம் போட்டேன்? கொம்புக்குத்தானே பூசினேன்?"

"அப்ப ஏன்டா ரெண்டு கலரு?"



ஒரு வருஷமாகப் பேசாத இரண்டு தலைவர்களும் மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே ஆபீசுக்குப் போனார்கள். எங்களைக் கேவலப்படுத்த உங்கள் மாட்டையே பாவித்திருக்கிறார்கள் என்று துரையிடம் முறையிட்டார்கள். துரைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பெரிய கிளாக்கர் விளங்கப்படுத்தினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் படங்களை விடாமல் பார்க்கிறவர், வெட்டிக்கூட வைத்திருந்தார். துரைமார் சங்கத்தை நான் ஒரு பொலிகாளையாகப் போட்ட படத்தை எடுத்து மேசையில் வைத்தாராம். அதே நெற்றி, அதே தாடை. எங்கள் காளையைப் பார்த்துத்தானே வரைந்தேன்?

அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். துரை அவரிடம், "கொம்பு ரெண்டு கலர். என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"அர்த்தமெல்லாம் இல்லீங்க தொரை. அழகுக்குத்தாங்க. மகன் பூசுனதுங்க."

நான் முன்னால் வந்து, அது வெறும் மாடுதான், இருந்த சாயத்தைப் பூசினேன், வேறொன்றும் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். துரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார்.

"தம்பி, பேப்பரிலை நீர் மாடு கீறினால் அது மந்திரி. இஞ்சை மட்டும் மாடு எண்டால் மாடோ?"

கேள்வியில் தப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் அந்தக் கோணத்தில் யோசித்தவரில்லை. பேப்பரில் வந்தது எங்கள் மாடு இல்லை, மந்திரி என்று அவருக்கு யாரும் நேராகச் சொன்னதும் இல்லை. நானும் சொன்னதில்லை.

அடுத்த வாரமே அப்பாவைத் தொழுவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் பேர் மலை வேலைக்கு விழுந்தது. ஐம்பது வயதுக்கு மேல், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். ஜன்னல் வைத்த வீட்டை விட்டு நான்காவது லயத்தில் ஒற்றை அறைக் காம்பறாவுக்குப் போனோம். இந்த அநியாயத்தைக் கேட்கச் சொல்லி நான் நீலக்கொடித் தலைவரிடம் போனேன். "ஒங்கப்பா செவப்பு ஆளு, அங்க போய்ச் சொல்லுங்க" என்றார். சிவப்புக்கொடித் தலைவரிடம் போனேன். "நீலத்துக்காரங்க செஞ்ச வேலைக்கு நாங்க ஏன் பேசணும்?" என்றார். எதிலும் சேராத மனிதர் இரண்டிலும் சேர்ந்தவராகி, இரண்டு பேருக்கும் வேண்டாதவராகிவிட்டார். இதை நான் கேலிச்சித்திரமாகப் போட்டிருந்தால் ஆசிரியர் மேசையைத் தட்டியிருப்பார். நான் போடவில்லை. போட்டால் அதற்கும் ஏதாவது அர்த்தம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

எல்லாருக்கும் நான் சொன்ன சமாதானம் ஒன்றுதான். ஒரு தகரத்தில் இருந்த சாயம் இரண்டு கொம்புக்கும் போதவில்லை, அதனால் இரண்டு நிறம். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். ஆனால் கொழும்புக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தூரிகையைக் கழுவும்போது சிவப்புத் தகரத்தில் பாதிக்கு மேல் சாயம் இருந்தது. இரண்டு கொம்புக்கும் போதும். நான்கு கொம்புக்கும் போதும். பிறகு ஏன் நீலத்தை எடுத்தேன்? அழகுக்கா? இல்லை, கோயில் வாசலில் அந்தக் கொடித் தகராறைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் என் கையால் நீலத்தை எடுத்தானா? கரும்பலகையில் சிங்கம் கன்றானதுபோல இதுவும் தன் போக்கில் போயிற்றா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அப்பாவின் கடிதங்கள் நின்றுவிட்டன. நான் வாராவாரம் மாடு வரைந்தேன். கொம்பு எந்தப் பக்கம் வளைந்தது என்று சொல்ல ஆள் இல்லாமல் கோடு தடுமாறியது. கொஞ்ச நாளில் மாட்டை விட்டுவிட்டுக் கழுதைக்குப் போனேன். வாசகர்கள் அதையும் ரசித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்திருந்தேன். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு யார் போவது, இங்கே யார் இருப்பது என்று தோட்டம் முழுக்க ஒரே பேச்சாக இருந்த நேரம். அப்பாவுக்கு அதில் கவனம் இல்லை. காம்பறா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே சொன்னார்.

"காளைய வித்துட்டாங்க. கொத்மலைப் பக்கம் யாரோ ஓட்டிக்கிட்டுப் போனாங்களாம்."

நான் அவர் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"அத ஒரு தடவ எனக்கு வரைஞ்சு குடு. பேப்பர்ல போடுற மாதிரி வேணாம். நம்ம செவுத்துல போடுவியே, அது மாதிரி."

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்து, ஒரு பெரிய தாளில் அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து வரைந்தேன். திமிலில்லாத முதுகு, கழுத்து மடிப்பு, காதில் இருந்த கிழிசல், ஈரமான மூக்கு. மந்திரியின் கோட்டு இல்லை, கயிற்றில் முடிச்சு இல்லை, யாருடைய சாயலும் இல்லை. கொம்புகளை மிகவும் கவனமாக வெறும் கோட்டால் போட்டு, உள்ளே ஒன்றும் தீட்டாமல் விட்டேன். இதுநாள்வரை நான் வரைந்ததில் அதைப்போல ஒரு மாடு வரவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

அப்பா தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். காதுக் கிழிசலை விரலால் தொட்டார். தாடையைத் தொட்டார். சரியாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு விரல் கொம்புக்கு வந்து நின்றது. வலது கொம்பைப் பார்த்தார், இடது கொம்பைப் பார்த்தார். திரும்பவும் வலதைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"கொம்ப மட்டும் ஏன் வெறுமையா விட்டிருக்க?" என்றார். "இதுக்கு என்னா அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்லப்பா. மாடுதான்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய கிளாக்கர் அன்று பார்த்த அதே பார்வை.

"சொல்ல வேணாம்னா விடு" என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.